டெவன் ஏர்ல் பட்டம்: தகப்பனுக்குப் பின் மகன், மகன் இல்லையென்றால் பங்காளி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் பிரபுப் பட்டங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகின்றன என்று யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்துச் சொல்வது டெவன் ஏர்ல் பட்டத்தைத்தான். தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துக்கு உரிய பட்டம் அது. கோர்ட்னி என்ற குடும்பத்திடம் இருக்கிறது. தலை வெட்டப்பட்டவர்கள், சிறையில் வளர்ந்த பிள்ளை, அழிந்துவிட்டதாக எழுதி மூடப்பட்ட பட்டம், 275 வருடம் கழித்து அது உயிரோடுதான் இருக்கிறது என்று வந்த தீர்ப்பு என எல்லாமே இந்த ஒரு வம்சத்தில் உண்டு. இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஏர்ல் என்பது எந்தப் படி?

மேலிருந்து எண்ணினால் டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று ஐந்து படிகள். ஏர்ல் நடுவில் இருக்கிறார். ஆனால் வயதில் மூத்தது இந்தப் படிதான். டியூக் பட்டம் 1337-இல்தான் இங்கிலாந்துக்கு வந்தது. ஏர்ல் அதற்கு முன்பே, நார்மானியர்கள் வருவதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. பேரோனெட் என்று இன்னொன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் பரம்பரையாக வருவதுதான், ஆனால் பிரபுக்கள் வரிசையில் சேராது.

அடுத்தவர் யார் என்பதை எது முடிவு செய்கிறது? குடும்ப வழக்கமா, உயிலா?

இரண்டும் இல்லை. பட்டம் கொடுத்தபோது அரசர் எழுதிக் கொடுத்த பத்திரம்தான் முடிவு செய்கிறது. இன்னாருக்குக் கொடுத்தோம், அவருக்குப் பின் இன்ன வகை வாரிசுகளுக்குப் போகட்டும் என்று அதில் ஒரு வரி இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பத்திரங்களில் அந்த வரி ஒரே மாதிரிதான் இருக்கும்: ‘அவருடைய உடல்வழி வந்த ஆண் வாரிசுகளுக்கு.’ அதாவது மகன், மகனுக்கு மகன் என்று ஆண் வழியாகவே இறங்க வேண்டும், அதுவும் முதலில் பட்டம் பெற்றவரின் சந்ததியாக இருக்க வேண்டும். அவருடைய அண்ணன் தம்பி வழிக்குப் போகாது. பட்டம் வைத்திருப்பவர் தன் உயிலில் மாற்றி எழுதினாலும் செல்லாது. பிடிக்காத மூத்த மகனைத் தள்ளிவிட்டு இளையவனுக்குக் கொடுக்கவும் முடியாது.

இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டெவன் பட்டத்தின் கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

கோர்ட்னிகளுக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது?

பெண் வழியாக வந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் பெண்களுக்குக் கதவு அடைக்கப்படும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

முதலில் டெவன் ஏர்லாக இருந்தவர்கள் ரெட்வெர்ஸ் குடும்பத்தார். அரசுரிமைக்கு ஸ்டீபனும் மெட்டில்டாவும் மோதிக்கொண்ட காலத்தில், 1141-ஐ ஒட்டி, மெட்டில்டாவின் பக்கம் நின்ற பால்ட்வின் டி ரெட்வெர்ஸ் ஏர்ல் ஆனார். அந்த வம்சத்தின் கடைசி ஆள் இசபெல்லா என்ற பெண். கணவர் போய், பெற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் போய், டெவன் நிலங்களோடும் வைட் தீவோடும் தனியாக நின்ற பெரும் செல்வச் சீமாட்டி அவர். 1293-இல் அவர் சாகக் கிடந்தபோது முதலாம் எட்வர்டின் ஆட்கள் படுக்கையருகே வந்து வைட் தீவை அரசருக்கு விற்கும் பத்திரத்தில் ஒப்புதல் வாங்கினார்கள். விலை 6,000 மார்க்.

தீவு போனாலும் டெவன் நிலங்கள் வாரிசுக்கு வர வேண்டும். தேடியபோது கிடைத்தவர், ரெட்வெர்ஸ் குடும்பத்துப் பெண்ணான மேரி வழியில் வந்த ஹியூ கோர்ட்னி. அப்போது பதினேழு வயதுப் பையன். நிலம் கிடைத்தது. பட்டத்தை மட்டும் யாரும் வாய் திறந்து தரவில்லை. மாவட்ட வருவாயிலிருந்து ஏர்லுக்குச் சேர வேண்டிய ‘மூன்றாம் காசு’ என்ற தொகை வருடத்துக்கு 18 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். ‘நீங்கள் ஏர்ல் இல்லையே’ என்று கருவூலம் அதைக் கொடுக்க மறுத்தது. ஹியூ அரசரிடம் முறையிட்டார். 1335-இல் மூன்றாம் எட்வர்ட், இனி இவர் டெவன் ஏர்ல் என்று அழைக்கப்படட்டும் என்று உத்தரவிட்டார். பையனாக நிலத்தைப் பெற்றவர் பட்டத்தைப் பெறும்போது அறுபதை நெருங்கிவிட்டார். நாற்பத்திரண்டு வருடக் காத்திருப்பு!

பௌடர்ஹாம் கிளை என்கிறார்களே, அது என்ன?

ஹியூவின் மகன் பெயரும் ஹியூ. அவர் மணந்தது முதலாம் எட்வர்டின் பேத்தியான மார்கரெட் டி போஹூனை. மார்கரெட் சீதனமாகக் கொண்டுவந்த ஊர்தான் எக்ஸ் ஆற்று முகத்துவாரத்தின் கரையில் இருக்கும் பௌடர்ஹாம். பிள்ளைகள் ஏராளம். அதில் ஒருவர் கேன்டர்பரி பேராயர் ஆனார். இன்னொரு மகன் பிலிப்புக்கு மார்கரெட் தன் பௌடர்ஹாமை எழுதி வைத்தார். பிலிப் 1391 வாக்கில் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்.

மூத்தவர் வழி டிவர்ட்டன் கோட்டையில் ஏர்லாக வாழ்ந்தது. பிலிப் வழி பௌடர்ஹாமில் சாதாரண நிலப்பிரபுக்களாக வாழ்ந்தது. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள், நம் பேச்சில் சொன்னால் பங்காளிகள். ஏர்ல் குடும்பம் அரசியலில் இறங்கி உயிரை விட்டுக்கொண்டிருந்தபோது பௌடர்ஹாம் பங்காளிகள் பெரும்பாலும் தங்கள் ஊரோடு இருந்தார்கள். அதனால்தான் பிழைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

பட்டம் இத்தனை முறை பறிபோனது ஏன்?

அக்காலத்தில் ராஜத்துரோகக் குற்றத்துக்கு உயிரை மட்டும் எடுத்து விடமாட்டார்கள். ‘அட்டெய்ண்டர்’ என்ற சட்டப்படி குற்றவாளியின் இரத்தமே கெட்டுப்போனதாக ஆகிவிடும். அவருடைய நிலம், பட்டம் எல்லாம் அரசருக்கு. அவர் வழியாக யாரும் எதையும் வாரிசாகக் கோர முடியாது. இந்த முறை சட்டத்திலிருந்து முழுதாக நீங்க 1870 ஆனது.

கோர்ட்னிகள் மேல் இது அடுக்கடுக்காக விழுந்தது. லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச கிளைகள் அரியணைக்காக மோதிக்கொண்ட ரோஜாப்பூப் போர்களில் அவர்கள் லங்காஸ்டர் பக்கம். 1461-இல் டவ்ட்டன் போருக்குப் பின் ஏர்ல் தாமஸின் தலை யார்க் நகரில் வெட்டப்பட்டது. அவர் தம்பி ஹென்றியின் தலை 1469-இல் சாலிஸ்பரியில். கடைசித் தம்பி ஜான் 1471-இல் டூக்ஸ்பரி போர்க்களத்தில் விழுந்தார். மூன்று சகோதரர்களோடு மூத்த வழி அறுந்தது.

1485-இல் ஏழாம் ஹென்றி அரியணை ஏறியதும் பௌடர்ஹாம் அல்லாத இன்னொரு கிளையில் வந்த எட்வர்ட் கோர்ட்னிக்குப் பட்டத்தைப் புதிதாகக் கொடுத்தார். அவர் மகன் வில்லியம் மணந்தது கேத்தரீனை. நான்காம் எட்வர்டின் மகள், ஏழாம் ஹென்றியின் மனைவிக்குத் தங்கை. பெருமைக்குரிய சம்பந்தம்தான். ஆனால் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரச இரத்தம் வந்துவிடும், அரசர் கண்ணில் அது உறுத்தும். வில்லியம் வருடக்கணக்கில் லண்டன் கோபுரச் சிறையில் கிடந்தார். எட்டாம் ஹென்றி விடுவித்து 1511 மே மாதம் பட்டம் கொடுத்தார். ஜூனில் வில்லியம் இறந்துவிட்டார். விதவையான கேத்தரீன் தன்னை ‘அரசர்களின் மகள், சகோதரி, சித்தி’ என்று எழுதிக்கொண்டார். இன்னொரு திருமணம் செய்துவைத்துவிடாதபடி துறவு விரதமும் எடுத்துக்கொண்டார். அந்த விரதத்தில் எவ்வளவு முன்யோசனை இருந்தது என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கும்.

அவர் மகன் ஹென்றி, எட்டாம் ஹென்றியோடு சேர்ந்து வளர்ந்தவர். எக்ஸிட்டர் மார்க்வெஸ் ஆனார். 1538-இல் சதி செய்ததாகக் கைதானார், தலை போனது, பட்டங்கள் எல்லாம் போயின.

1553 பத்திரத்தில் அப்படி என்ன இருந்தது?

அந்த ஹென்றிக்கு ஒரே மகன், எட்வர்ட். தகப்பனோடு பிடிக்கப்பட்டபோது வயது பன்னிரண்டுக்குள். குற்றம் எதுவும் செய்யவில்லை. அரச இரத்தம் என்பதால் லண்டன் கோபுரத்தில் போட்டார்கள். தாயையும் பிடித்திருந்தார்கள், அவரை 1540-இல் விட்டுவிட்டார்கள். பையனை விடவில்லை. விளையாடும் வயது, படிக்கும் வயது, இளமை எல்லாம் அந்தச் சுவர்களுக்குள்ளேயே கழிந்தன. ஏறத்தாழ பதினைந்து வருடம். 1553 ஆகஸ்டில் ராணி மேரி லண்டனுக்குள் நுழைந்து கோபுரத்துக்கு வந்தபோதுதான் விடுதலை. குதிரை ஏறத் தெரியாத, ஊர் உலகம் தெரியாத இருபத்தைந்து வயதைக் கடந்த இளைஞனாக வெளியே வந்தார்.

மேரி அவருக்கு டெவன் ஏர்ல் பட்டத்தைப் புதிதாக அளித்தார். பத்திரத்தின் தேதி 1553 செப்டம்பர் 3. இலத்தீனில் எழுதப்பட்ட அதில் வாரிசு பற்றிய இடத்தில் ‘ஹெரெதிபுஸ் சூயிஸ் மாஸ்குலிஸ்’ என்று இருக்கிறது. ‘அவருடைய ஆண் வாரிசுகளுக்கு’ என்று பொருள். வழக்கமாக இதையடுத்து ‘தெ கோர்போரெ சுவோ’ என்று மூன்று சொற்கள் வரும். ‘அவருடைய உடல்வழி வந்த’ என்று அர்த்தம். இந்தப் பத்திரத்தில் அந்த மூன்று சொற்கள் இல்லை.

வேண்டுமென்றே விட்டார்களா, எழுத்தர் கைதவறியதா என்று இரண்டு பக்கமும் வாதிட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே விட்டதாக நினைப்பதில் நியாயம் இருக்கிறது: பழைய ஏர்ல் வம்சம் முழுவதற்கும் இழைத்த அநியாயத்தை மேரி சரிசெய்ய நினைத்திருக்கலாம். எப்படி இருந்தாலும் சட்டம் பார்ப்பது தாளில் உள்ள சொல்லைத்தான்.

எட்வர்டின் மீதிக் கதை சுருக்கமானது. ராணிக்கே அவரைக் கணவராக்கப் பலர் விரும்பினார்கள். ராணி ஸ்பெயினின் பிலிப்பைத் தேர்ந்தெடுத்தார். 1554-இல் ராணிக்கு எதிராக வயட்டின் கலகம் வெடித்தது. ராணியின் தங்கை எலிசபெத்தை எட்வர்டுக்கு மணமுடிக்கும் திட்டம் அதன் பின்னால் இருந்ததாகச் சந்தேகம். மறுபடி சிறை, பிறகு நாடு கடத்தல். 1556 செப்டம்பரில் இத்தாலியின் படுவா நகரில், கல்யாணம் ஆகாமலே இறந்தார்.

அவர் இறந்ததும் பட்டம் எங்கே போனது?

அன்று இருந்தவர்களைக் கேட்டிருந்தால் அழிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிள்ளை இல்லை, தம்பி இல்லை. வேறு எப்படி நினைப்பார்கள்?

சொத்துக்கு வாரிசு தேடியபோது அவருடைய கொள்ளுத்தாத்தாவின் நான்கு சகோதரிகள் வரை போக வேண்டியிருந்தது. அந்த நான்கு பெண்களும் அருண்டெல், மோஹன், டிரிலானி, டிரெதர்ஃப் என்ற கார்ன்வால் குடும்பங்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். டிவர்ட்டன் உள்ளிட்ட நிலங்கள் அவர்களுடைய சந்ததிக்கு நான்காகப் பிரிந்தன.

பட்டம் ஆண் வாரிசுக்கு உரியது. ‘உடல்வழி’ என்ற கட்டுப்பாடு இல்லாததால் ஆண் வழியில் மிக நெருங்கிய பங்காளி யாரோ அவருக்குப் போக வேண்டும். படுவாவில் இறந்த எட்வர்டிலிருந்து ஏழு தலைமுறை மேலே ஏறினால் மார்கரெட்டின் கணவர் ஹியூ வருவார். அவரிடமிருந்து பிலிப் வழியாக எட்டுத் தலைமுறை கீழே இறங்கினால் பௌடர்ஹாமில் இருந்த சர் வில்லியம் கோர்ட்னி வருவார். சட்டப்படி 1556-இல் ஏர்ல் ஆனவர் அவர்தான். அவருக்கே தெரியாது. அடுத்த வருடம் பிரான்சில் செயின்ட் குவென்டின் முற்றுகையில் இறந்தார், பட்டம் தன்னிடம் இருந்தது தெரியாமலே.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வாரிசே இல்லாமல் முடிந்த பட்டம் அழிந்த பட்டம். வாரிசு இருந்தும் யாரும் கோராமல் கிடப்பது உறங்கும் பட்டம். டெவன் பட்டம் உறங்கிக்கொண்டிருந்தது.

டெவன்ஷயர் டியூக் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் யார்?

அவர் கேவண்டிஷ் குடும்பம், கோர்ட்னிகளோடு சம்பந்தமில்லை. டெவன் பட்டம் அழிந்ததென்று எல்லாரும் நம்பியதால் 1618-இல் வில்லியம் கேவண்டிஷுக்கு டெவன்ஷயர் ஏர்ல் பட்டம் கொடுத்தார்கள், 1694-இல் அது டியூக் ஆனது. அவர்களுடைய சாட்ஸ்வர்த் மாளிகை இருப்பது டெவனில் அல்ல, டார்பிஷயரில். ஒரே மாவட்டத்தின் பெயரில் இரண்டு குடும்பங்களுக்குப் பட்டம் இருப்பது 1556-இல் நேர்ந்த அந்தத் தவறான முடிவால்தான்.

1831-இல் யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பௌடர்ஹாம் கோர்ட்னிகள் இதற்குள் பேரோனெட் ஆகி, 1762-இல் வைகவுண்ட் கோர்ட்னி என்ற பட்டமும் பெற்றிருந்தார்கள். ஏர்லாக இருப்பவருக்கு அவருக்கே தெரியாமல் அதைவிடக் கீழான பட்டங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

மூன்றாம் வைகவுண்ட் வில்லியம், பதின்மூன்று சகோதரிகளோடு பிறந்த ஒரே ஆண்பிள்ளை. இளம் வயதிலேயே வில்லியம் பெக்ஃபோர்ட் என்ற பெரும் பணக்காரரோடு அவரைச் சேர்த்து எழுந்த பேச்சு 1784-இல் பத்திரிகைகள் வரை போய் நாறடிக்கப்பட்டது. ஆணை நேசித்த ஆண் தூக்குமேடை ஏற வேண்டியிருந்த காலம் அது. 1811-இல் வழக்கு தலைக்கு மேல் வந்தபோது நாட்டை விட்டே போனார். முதலில் அமெரிக்கா, பிறகு பிரான்ஸ். திரும்பி வரவே இல்லை. கல்யாணமும் இல்லை.

ஏர்ல் பட்டம் கோரிய மனுவுக்குப் பின்னால் இருந்தவர் இவருடைய பங்காளி, இன்னொரு வில்லியம் கோர்ட்னி. எக்ஸிட்டர் பிஷப்பின் மகன். பிரபுக்கள் அவையிலேயே உதவிச் செயலராக வேலை பார்த்தவர். பழைய ஆவணமும் பத்திர வாசகமும் தினமும் கையில் புரள்கிற உத்தியோகம். 1553 பத்திரத்தில் அந்த மூன்று சொற்கள் இல்லாததன் எடை அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பாரிஸில் இருந்த வைகவுண்ட் பெயரில் மனு போடப்பட்டது. பிரபுக்கள் அவையின் உரிமைக்குழு விசாரித்தது. லார்டு சான்சலர் புரூஹாம் ஆதரவாக நின்றார். 1831 மார்ச்சில் தீர்ப்பு: பட்டம் அழியவில்லை, பௌடர்ஹாம் வழியில்தான் இத்தனை காலமும் இருந்திருக்கிறது.

வெளிநாட்டில் ஒளிந்திருந்தவருக்கு எதற்காக இத்தனை பாடு?

அதற்குப் பதில் நான்கு வருடம் கழித்துத் தெரிந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1835 மே மாதம் அவர் பாரிஸில் இறந்தார். ஒரே மனிதரிடம் வைகவுண்ட், ஏர்ல் என்று இரண்டு பட்டங்கள். வைகவுண்ட் பத்திரத்தில் ‘உடல்வழி வந்த’ என்ற சொற்கள் இருந்தன. முதல் வைகவுண்டின் ஆண் சந்ததி இவரோடு முடிந்தது, ஆகவே அந்தப் பட்டம் அன்றே அழிந்தது. ஏர்ல் பத்திரத்தில் அந்தச் சொற்கள் இல்லை. அது முதல் வைகவுண்டின் தம்பி வழியில் வந்த பங்காளிக்கு, அவையில் உதவிச் செயலராக இருந்த அந்த வில்லியமுக்கே போனது. 1831 தீர்ப்பு இல்லாதிருந்தால் அவருக்கு மிஞ்சியிருப்பது பேரோனெட் பட்டம் மட்டும்தான்.

அந்தத் தீர்ப்பு சரிதானா?

சட்டம் அறிந்தவர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1397-இல் வில்லியம் ஸ்க்ரோப் என்பவருக்கு இதேபோல் ‘ஆண் வாரிசுகளுக்கு’ என்று மட்டும் எழுதி வில்ட்ஷயர் ஏர்ல் பட்டம் கொடுத்திருந்தார்கள். இரண்டே வருடத்தில் அவர் தலை போனது. டெவன் தீர்ப்பைக் காட்டி ஸ்க்ரோப் குடும்பம் மனுப் போட்டது. 1869-இல் பிரபுக்கள் அவை மறுத்துவிட்டது. ‘உடல்வழி’ இல்லாத ஆண் வாரிசு என்பது பிரபுப் பட்டத்துக்குப் பொருந்தாது என்று 1831-க்கு நேர்மாறாகப் போனது. ஆனால் கொடுத்த டெவன் பட்டத்தைத் திரும்ப வாங்கவில்லை.

என் எண்ணம் இது: பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம் என்றால், இல்லாத சொற்களை இருப்பதாக வைத்துப் படிக்கக் கூடாது. 1831-இல் செய்தது நேர்மையான வாசிப்பு. ஸ்க்ரோப்களுக்குத்தான் அநியாயம் நடந்தது.

ஒரே ஆளை ஒரு நூலில் ஒன்பதாம் ஏர்ல் என்றும் இன்னொன்றில் வேறு எண்ணிலும் போடுகிறார்களே?

எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். பட்டம் பலமுறை புதிதாகக் கொடுக்கப்பட்டதால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். 1335-இல் பட்டம் பெற்ற ஹியூவைச் சிலர் முதலாம் ஏர்ல் என்பார்கள், ரெட்வெர்ஸ்களோடு சேர்த்து எண்ணுபவர்கள் ஒன்பதாம் ஏர்ல் என்பார்கள். இன்றைய வரிசை 1553 எட்வர்டிலிருந்து எண்ணப்படுகிறது. தெரியாமலே ஏர்லாக இருந்த ஏழு பேருக்கு இரண்டு முதல் எட்டு வரை எண்கள். பாரிஸில் வாழ்ந்தவர் ஒன்பதாமவர். வம்சாவளியில் எண்ணை நம்பாமல் பிறந்த, இறந்த வருடங்களைப் பிடித்துக்கொண்டு போனால் குழப்பம் வராது.

பெண்களுக்கு ஏன் வராது?

பத்திரத்தில் ‘ஆண்’ என்று எழுதியிருப்பதால். எழுதாத இடங்களில் வரும். பத்திரம் இல்லாமல், பழைய நாடாளுமன்றத்துக்கு அழைத்த ஓலையால் உண்டான பாரன் பட்டங்கள் மகள்களுக்கும் இறங்கும். ஆனால் மகன்களைப் போல் மூத்தவள் முந்தி என்ற கணக்கு மகள்களுக்கு இல்லை, எல்லாருக்கும் சமபங்கு. ஒரு பட்டத்தை மூன்றாக வெட்ட முடியாதே! அதனால் ஒருத்தியின் வழி மட்டும் மிஞ்சும் வரையிலோ, அரசர் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும் வரையிலோ பட்டம் யாரிடமும் இல்லாமல் தொங்கி நிற்கும்.

2013-இல் அரியணைக்கான சட்டத்தை மாற்றி, மூத்த பிள்ளை பெண்ணானாலும் முதல் உரிமை அவளுக்கே என்றார்கள். பிரபுப் பட்டங்களை அதில் சேர்க்கவில்லை. பதினெட்டாம் டெவன் ஏர்லுக்கு முதலில் மூன்று மகள்கள், கடைசியாக ஒரு மகன். 2015-இல் பட்டம் அந்தக் கடைக்குட்டிக்குப் போனது. அந்தக் குடும்பத்துக்குப் பட்டம் வந்தது ஒரு மேரியால், வாழும் கோட்டை வந்தது ஒரு மார்கரெட்டால், பத்திரத்தில் கையெழுத்திட்டது ஒரு ராணி. இப்படியிருக்க மகள்களைத் தாண்டிப் போவது சரியென்று எனக்குப் படவில்லை.

தத்துப்பிள்ளை? கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை?

தத்துப்பிள்ளைக்கு வராது. கல்யாணத்துக்கு முன் பிறந்து, பிறகு பெற்றோர் மணந்துகொண்டாலும் இங்கிலாந்துப் பட்டங்களுக்கு வராது. சொத்துச் சட்டம் எவ்வளவோ மாறியும் பட்டத்தில் இன்னும் இப்படித்தான்.

மகன் இல்லாத ஏர்லுக்குப் பின் என்ன ஆகும்?

அண்மைக் காலத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் ஏர்ல் 1891-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். பட்டம் கீழே இறங்க இடமில்லாமல் மேலே ஏறி, அவருடைய சித்தப்பாவுக்குப் போனது. அவர் பௌடர்ஹாம் ஊர்ப் பாதிரியார், வயது எழுபத்தொன்பது. அண்ணன் மகன் இறந்து தான் ஏர்ல் ஆவோம் என்று அந்த வயதில் எந்தச் சித்தப்பா எதிர்பார்ப்பார்! அதன் பிறகும் பதின்மூன்று வருடம் வாழ்ந்தார்.

பட்டத்தோடு சொத்தும் சேர்ந்து வருமா?

வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1556-இல் நிலம் கார்ன்வாலுக்கும் பட்டம் பௌடர்ஹாமுக்கும் போனதைப் பார்த்தோம். சேர்ந்து வந்தாலும் மரண வரி உண்டு. அந்தப் பாதிரியாரின் பேரன்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக ஏர்ல் ஆனார்கள். மூத்தவர் 1927 பிப்ரவரியில் இறந்தார். அடுத்தவர் அதே வருடம் ஜூனில். மூன்றாமவர் 1935-இல். ஒன்பது வருடத்துக்குள் மூன்று சாவு, மூன்று தடவை வரி. கடைசியில் பட்டத்தை ஏற்றவர் பதினெட்டு வயதுப் பையன். அந்தக் கோட்டை இன்று பார்வையாளர்களின் நுழைவுக் கட்டணத்தையும் நிகழ்ச்சிகளையும் நம்பி நிற்பதற்கு இந்த ஒன்பது வருடங்களும் ஒரு காரணம்.

ஏர்லின் மூத்த மகனை எப்படி அழைப்பார்கள்?

தகப்பனின் இரண்டாவது பட்டத்தை மரியாதைக்காக மகன் பெயரோடு சேர்ப்பது வழக்கம். டெவன் ஏர்லுக்கு அப்படி இரண்டாவது பிரபுப் பட்டம் இப்போது இல்லை, வைகவுண்ட் 1835-இலேயே அழிந்தது. ஆனாலும் வாரிசை ‘லார்டு கோர்ட்னி’ என்றே அழைக்கிறார்கள். குடும்பப் பெயரையே எடுத்து வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

பட்டத்தை விற்க முடியுமா? வேண்டாம் என்று சொல்லலாமா?

விற்க முடியாது. பணத்துக்கு ‘லார்டு’ பட்டம் தருவதாக வரும் விளம்பரங்களில் ஏமாறாதீர்கள். வேண்டாம் என்பதற்கு 1963 சட்டம் வழி செய்கிறது. ஆனால் துறப்பவரின் ஆயுள் வரைதான் அது. டோனி பென் அந்த வருடம் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் பட்டத்தைத் துறந்தார். 2014-இல் அவர் இறந்ததும் பட்டம் மகனுக்கு வந்துவிட்டது.

பட்டம் இருந்தாலே பிரபுக்கள் அவையில் நாற்காலி என்பதும் 1999-இல் முடிந்தது. 92 இடங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பத்தொன்பதாம் டெவன் ஏர்ல் 2018-இல் இடைத்தேர்தலில் வென்றுதான் அங்கே உட்கார்ந்தார்.

இந்தக் கதையை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பௌடர்ஹாம் கோட்டை இருக்கிறது. கோர்ட்னிகளின் குடும்ப வாசகம் ‘எங்கே விழுந்தேன்? என்ன செய்தேன்?’ என்பது. அதன் பொருள் புரிந்தபின் அந்த வாசலைக் கடப்பது வேறு மாதிரி இருக்கும்.

ஆனால் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறதென்றால் எக்ஸிட்டர் பேராலயத்துக்குப் போங்கள். தென்பக்கக் குறுக்குக் கூடத்தில் ஒரு கல்லறைமேடை இருக்கும். ஏர்ல் ஹியூவும் மார்கரெட்டும் கல்லில் பக்கம் பக்கமாகப் படுத்திருப்பார்கள். படுவாவில் இறந்தவருக்கும் பௌடர்ஹாம்காரர்களுக்கும் பொதுவான பாட்டன் பாட்டி இவர்கள்தான். மார்கரெட்டின் காலடியில் குனிந்து பாருங்கள். அவர் பிறந்த போஹூன் குடும்பத்துச் சின்னமான அன்னங்கள் இரண்டு, கழுத்தோடு கழுத்து பின்னிக்கொண்டு இருக்கும்.